செல்லாயி உறங்கிய கை

பல்லி கத்தினால் பலன் பார்க்கிற ஊரில், பல்லி வளர்த்து விற்கப் புறப்பட்டவர் சூசைமாணிக்கம். நூல் மில்லில் முப்பத்திரண்டு வருஷம் நின்றே வேலை பார்த்தவர். வயது ஐம்பத்தெட்டு.

அவருடைய குரு அவரைவிட இருபது வயது இளையவள். பெயர் பூங்கோதை. பாம்புப் பண்ணையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, முதுகுவலி ஒன்றை மட்டும் சம்பாதித்துக்கொண்டு வெளியே வந்தவள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதே கிடையாது. ஆனாலும் அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். பல்லி முட்டையைப் புரட்டாமல் எடுப்பதும், எடுத்த முட்டையின் மேல்பக்கம் பென்சிலால் புள்ளி வைப்பதும் அவளிடம் கற்றுக்கொண்டதுதான்.

ஒரு மத்தியானம் மடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.   

"செல்லாயி சாப்பிட மாட்டேங்கா, டீச்சர்."

செல்லாயி அவருடைய முதல் பல்லி. ஆப்பிரிக்கச் சாதி. உடம்பெல்லாம் பழுப்புப் பட்டை. நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இல்லாத கண்ணிமை அதற்கு உண்டு. தின்றதையெல்லாம் கொழுப்பாக்கி வாலில் சேர்த்து வைக்கும்.

மில்லில் இருந்த காலத்தில், வேலை விட்டு வந்ததும் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்காருவது அவர் வழக்கம். அது கண்ணை மூடும். பார்த்துக்கொண்டே இவரும் மூடுவார். கால்வலி போன இடம் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு குறட்டை கேட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சத்தியம் செய்தார். அதில் ஒன்று ரொம்ப மெல்லிசாம்.

பிறகு யாரோ ஒருவர் ஒரு குஞ்சு கேட்டார். அவரைப் பார்த்து இன்னொருவர் கேட்டார். இப்போது வீட்டில் நாற்பது பெட்டி. மில்லை விட்டு இரண்டு வருஷமாகிறது. கால்வலி மட்டும் திரும்பி வந்துவிட்டது.

பூங்கோதை பெட்டியைத் திறந்தாள். பிஞ்சுக் கத்தரிக்காய் மாதிரி இருந்த வால், கத்தரிக்காயின் காம்பு மாதிரி ஆகியிருந்தது.

"இந்த வருஷம் எத்தனை தடவை முட்டை இட்டா, எத்தனை ஈடு?"

"அஞ்சு."

"போதாதா?"

"அஞ்சு ஈட்டுக் குஞ்சும் வித்துப்போச்சு. இன்னும் ஆறு பேருக்கு வாக்குக் கொடுத்துட்டேன். செல்லாயி குஞ்சுதான் வேணுங்காங்க. அவ பட்டை அப்படி. டானிக் ஏதாவது சொல்லுங்க. தேறிட்டான்னா இன்னொரு தடவை ஆணோட விட்டுடலாம்."

"தேறலைன்னா?"

சூசைமாணிக்கம் பெட்டியைப் பார்த்தார். "அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

பூங்கோதை முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள்.

"ஒருத்தர் ஓணான் பண்ணை வச்சிருந்தாரு, அண்ணாச்சி. ஓணான் என்ன செய்யும்?"

"தலையாட்டும்."

"ஆமா. இன்னொரு கூண்டு வைக்கலாமான்னு கேப்பாரு. அத்தனையும் ஆட்டும். வெளியூருக்கும் அனுப்பலாமா? ஆட்டும். அதுங்களே சம்மதிக்குதேன்னு ஊரையே வளைச்சுக் கூண்டு போட்டாரு. கூண்டு போடாத இடம் கோயில் கோபுரம் ஒண்ணுதான். ஒருநாள் அசந்துபோய் உக்காந்து, போதுமான்னு கேட்டாரு."

"அப்போ ஆட்டலையாக்கும்?"

"அப்பவும் ஆட்டுச்சு. ஆனா அதுக்குள்ள அவருக்கும் தலை ஆட ஆரம்பிச்சிட்டு. தன் தலையே ஆடும்போது எதிர்ல இருக்கிறது ஆடுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

அவர் சிரிக்க முயன்று பாதியில் விட்டுவிட்டார். "கதை கிடக்கட்டும் டீச்சர். இவளுக்கு ஒரு வழி சொல்லுங்க."

அவள் செல்லாயியை எடுத்துத் தன் உள்ளங்கையில் விட்டாள். கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வயிற்றைத் தரையில் வைப்பதுபோல் கையில் வைத்துக் கண்ணை மூடியது.

சூசைமாணிக்கத்துக்கு முகம் சுண்டிவிட்டது. "என் கையில நிக்கவே மாட்டேங்கா."

"நீட்டுங்க, பாப்போம்."

வலது கையை நீட்டினார். செல்லாயி கண்ணைத் திறந்தது. பூங்கோதையின் மணிக்கட்டுவரை பின்னாலேயே போனது.

"இந்தக் கை எதுக்குப் பெட்டிக்குள்ள போகும்?"

"எடை போட. வயித்துல முட்டை தெரியுதான்னு பாக்க. ஆண் பெட்டிக்கு மாத்த."

"வேற?"

யோசித்தார். "வேற இல்ல."

"ஆண் பல்லி வாசனை அடிக்கும். கழுவிட்டு வாங்க."

கழுவி வந்து நீட்டினார். செல்லாயி ஓடியது. மறுபடி போய்க் கழுவினார். ஓடியது. மூன்றாவது தடவை முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார்.

"சோப்பே கரைஞ்சு போச்சு டீச்சர். வாசனை போயிருக்குமே?"

"போயிருக்கும்."

"பெறவு ஏன் ஓடுதா?"

 பூங்கோதை பல்லியைப் பெட்டியில் விட்டு, பெட்டியை அவர் மடியில் வைத்தாள்.

"கையை உள்ள வைங்க."

"வச்சு?"

"ஒண்ணும் செய்யாதீங்க."

வைத்தார். செல்லாயி எதிர் மூலையில் ஒண்டி நின்றது. வெளியே வெயில் ஒரு முழம் நகர்ந்தது. அவர் தோள் மெல்ல இறங்கியது. காலை நீட்டிக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் டீச்சர்?"

"ரெண்டு வருஷமா ஜோலிக்குப் போன கை. இன்னைக்கே நம்பிடுவாளா?"

அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. இடது கையால் எடுத்துப் பார்த்தார். ஆறு பேரில் ஒருவர். போன் அடித்துக்கொண்டே இருந்தது. செல்லாயி ஒரு காலை முன்னால் எடுத்து வைத்து, அப்படியே நின்றது.

"ஆறாவது ஈடு எப்போன்னு கேப்பாரு டீச்சர். என்ன சொல்லட்டும்?"

பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

"வலது கைக்கு இந்த வருஷம் பூரா சும்மா இருக்கிற வேலை இருக்குன்னு சொல்லுங்க."