மறுபடி பசிக்கிறது

பந்தி நடத்துவதில் பூங்கோதை கெட்டிக்காரி. தென்காசிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து என்றால், சமையலுக்கு யார் வந்தாலும் சரி, இலை போடுவதிலிருந்து இலை எடுப்பது வரைக்கும் அவள்தான். கூட வேலை பார்க்கிறவர்கள் அவளை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள்.

அவளிடம் தொழில் படிக்க வந்தவன் சுடலைமணி. அவளைவிட இரண்டு வயது மூத்தவன். அவன் அவளை மாஸ்டர் என்பான். அவள் அவனை அண்ணாச்சி என்பாள்.

எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் பூங்கோதை சாப்பிடுவாள். அடுப்படியில் நின்றபடியே, கையில் ஒரு தட்டு, அவசரமாக நாலு வாய். அவ்வளவுதான்.

ஒரு காதுகுத்து வீட்டில் இரண்டு பேரும் இலை துடைத்துக்கொண்டு இருந்தார்கள்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும். தொழில் விஷயம் இல்ல."

"கேளுங்க அண்ணாச்சி."

சுடலைமணிக்குப் பெண் பார்க்கிறார்கள். போனில் வரன் பார்க்கிற ஒரு ஆப்பில் பவானி என்று ஒரு பெண் அமைந்திருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பெரியவர்கள் பேசுவதற்கு முன்னால் நாம் இரண்டு மூன்று தடவை பார்த்துப் பேசிக்கொள்வோம் என்று அவள் சொல்லியிருந்தாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டது.

"மரியாதையில நான் ஒரு குறையும் வைக்கல மாஸ்டர். வீடியோ எல்லாம் பாத்துத்தான் போனேன். கதவைத் தெறந்து விட்டேன். நாற்காலிய இழுத்துப் போட்டேன். ரோட்டுப் பக்கம் நான் நடந்தேன். கைப்பைய வாங்கி நானே தூக்கிக்கிட்டேன். அவ வாயத் தெறக்கறதுக்குள்ள பலூடா சொல்லிட்டேன்."

"சாப்பிட்டாங்களா?"

"பாதி வச்சிட்டா. பால் ஒத்துக்காதாம்."

"அத எப்ப சொன்னாங்க?"

"ரெண்டாவது வாரம். ரெண்டாவது பலூடா வந்த பிறகு."

பூங்கோதை அடுத்த இலையை எடுத்துத் துடைத்தாள்.

"நேத்து மெசேஜ் போட்டிருக்கா. உங்க கூட இருந்தா விருந்தாளி மாதிரி இருக்கு, எப்ப கிளம்பலாம்னு தோணுதுன்னு. இந்த ஞாயிறு ஒரு தடவை பாப்போம், சரியா வரலன்னா விட்ருவோம்னு எழுதிருக்கா." துடைத்த இலையையே அவன் மறுபடி துடைத்தான். "அவள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு மாஸ்டர். நான் இன்னும் என்னதான் செய்யணும்?"

"இன்னைக்குக் கடைசிப் பந்தியில நீங்களும் உக்காந்து சாப்பிடுங்க."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"உப்பு வைங்க அண்ணாச்சி. ஆள் வந்தாச்சு."

கடைசிப் பந்தியில் சுடலைமணி உட்கார்ந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. குழந்தை ஒரு வாய் வாங்கும், இரண்டு வாய் துப்பும். அதற்கு ஊட்டி முடித்து அந்தப் பெண் தன் இலையில் கை வைத்தபோது மற்றவர்கள் மோருக்கு வந்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் எல்லாரும் எழுந்து கை கழுவப் போனார்கள். மேசை துடைக்கிற பேச்சியம்மாள் வந்தாள். அவள் மேசைக் கடைசியிலிருந்து விரித்திருந்த தாளை இலையோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டே வருவாள். அந்தச் சுருள் வருவதைப் பார்த்ததும் அந்தப் பெண் பாதிச் சோற்றில் இலையை மூடப் போனாள்.

சுடலைமணி பதறி எழுந்தான்.

"அக்கா, மூடாதீங்க. நீங்க நல்லாச் சாப்பிடுங்க. பிள்ளைய எங்கிட்ட குடுங்க. ஏய், யாருப்பா அங்க, இந்த அக்காவுக்குச் சோறு கொண்டா. பாவம், இன்னும் சாப்பிடவே இல்ல."

மண்டபத்தில் மிச்சம் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தை புது ஆளைப் பார்த்து வீறிட்டது. அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துபோனது.

"வேண்டாம்ணே. எனக்குப் போதும்." அவள் இலையை மூடிவிட்டாள்.

அப்போது பூங்கோதை அடுப்படியிலிருந்து வந்தாள். அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. பேச்சியம்மாள் சுருட்டிக்கொண்டு வந்த இடத்துக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"ஆச்சி, எனக்கு ஒரு இலை போடுங்க."

"ஏட்டி, இப்பத்தான நின்னுக்கிட்டே தின்ன?"

"மறுபடி பசிக்குது."

"வயிறா, வண்ணான் சாலா உனக்கு" என்று முனகிக்கொண்டே பேச்சியம்மாள் தாளை அப்படியே விட்டாள். ஒரு ஆள் சாப்பிடும்போது எப்படிச் சுருட்டுவது? போய் ஓரமாக உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

பூங்கோதை ஒரு கைப்பிடி சோறு வாங்கினாள். கொஞ்சம் ரசம். அதைப் பிசைந்தாள், பிசைந்தாள், பிசைந்துகொண்டே இருந்தாள். ஒரு பருக்கையை எடுப்பாள், கறிவேப்பிலையை ஒதுக்குவாள், வாசல் பக்கம் வேடிக்கை பார்ப்பாள்.

அந்தப் பெண் மூடின இலையை மெதுவாகத் திறந்தாள். குழந்தையைத் தோளில் போட்டாள். சாம்பாரை முடித்து, ரசம் கேட்டு வாங்கி, அப்பளத்தை நொறுக்கிப் பாயசத்தில் போட்டு, விரலால் வழித்துச் சாப்பிட்டாள். பிறகு தன் பக்கமாக இலையை மூடிவிட்டு எழுந்து போனாள். பூங்கோதை இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அவள் போனதும் பூங்கோதை அந்த ஒரு கைப்பிடியை ஒரே வாயில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"மாஸ்டர், நான் அந்தக்காவுக்காக எவ்வளவு கத்தினேன். வேண்டாம் வேண்டாம்னாங்க. நீங்க சும்மா உக்காந்திருந்தீங்க."

"ஆமா."

"நீங்க யாருன்னுகூட அவங்களுக்குத் தெரியாது."

"பாயசம் சாப்பிட்டாங்கல்ல?"

சுடலைமணி அவள் மூடிவிட்டுப் போன இலையைத் திறந்து பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனது. அடுத்து ஒரு வளைகாப்பு. கடைசிப் பந்தி பரிமாறி முடித்துவிட்டு அவனும் சாப்பிட்டான். பூங்கோதை வாளிகளை எண்ணிக்கொண்டே கேட்டாள்.

"என்னாச்சு அண்ணாச்சி?"

"எங்க போவோம்னு அவகிட்டயே கேட்டேன் மாஸ்டர். இட்லிக் கடைன்னா. ரெண்டு இட்லிய முக்கா மணி நேரம் சாப்பிடுறா. ஹாஸ்டல்ல எல்லாரும் கேலி பண்ணுவாங்களாம். அதனால யாரோட போனாலும் பாதியில எந்திரிச்சிருவாளாம்."

"நீங்க?"

"எனக்கு அஞ்சு நிமிசத்துல முடிஞ்சு போச்சு. வடையில ஒரு துண்ட மட்டும் வச்சிக்கிட்டேன்."

"பேசினாங்களா?"

"அவதான் பேசினா. அவ அம்மாவுக்குக் கண்ணு தெரியாமப் போனதும், இவ கண்ணாடிக் கடைக்கு வேலைக்கு வந்ததும். நான் வடையப் பிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தேன். கடைசி இட்லி வரைக்கும் சாப்பிட்டா மாஸ்டர்."

"ம்."

"ஆனா கண்டுபிடிச்சிட்டா. கை கழுவிட்டு வந்து கேக்கா, அந்த வடை என்ன அவ்வளவு கெட்டியான்னு."

"என்ன சொன்னீங்க?"

"ஆமா, கல்லு மாதிரி இருக்குன்னேன். சிரிச்சா. ரொம்ப நேரம் சிரிச்சா. அப்புறம், வீட்டுல சொல்லிரட்டுமான்னு கேட்டா."

சுடலைமணி கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெற்றிலை, பழம், ஒரு புடவை எல்லாம் ஒரு தட்டில் வைத்து மாஸ்டருக்குக் கொடுக்கவேண்டும் என்று காலையிலிருந்து நினைத்திருந்தான். வாங்கியும் வந்திருந்தான். அது பையிலேயே இருந்தது. எப்படி எடுத்து நீட்டுவது என்று தெரியவில்லை.

பூங்கோதை வாளியை வைத்துவிட்டு, வழக்கம்போல தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

அங்கே வழியில், மேசைக் கடைசியில், ஒரு இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தது. உப்பு, ஊறுகாய், பொரியல், கூட்டு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. எதிர்ப்பக்கம் இன்னொரு இலை. அதில் ஒரு கைப்பிடி தயிர்ச்சோறு மட்டும். அதன் முன்னால் சுடலைமணி போய் உட்கார்ந்தான்.

தாளைச் சுருட்ட வந்த பேச்சியம்மாள் நின்றுவிட்டாள்.

"நீயும் இப்பத்தானல தின்ன?"

"மறுபடி பசிக்குது ஆச்சி."

பூங்கோதை அவன் இலையைப் பார்த்தாள். அந்த ஒரு கைப்பிடி சோற்றைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"ரசம் இருக்கா அண்ணாச்சி?"

"சூடா இருக்கு மாஸ்டர்."

"அப்புறமா ஊத்துங்க. நானும் மெதுவாத்தான் சாப்பிடுவேன்."