அரையடிப் பையில் ஒரு வேங்கை

மலையின் கிழக்குச் சரிவில் நீலவேணி டீச்சரின் ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. கூடம் என்றால் ஓடு வேய்ந்த இரண்டு அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பழைய ஜீப். டீச்சர் படித்தது செடிகொடிகளைப் பற்றி; அதிலும் தீயில் எரிந்த செடிகொடிகளைப் பற்றி. ஊரெல்லாம் காட்டுத்தீயை அணைக்கப் படிக்கும்போது இந்த அம்மா வைக்கப் படித்திருக்கிறது என்று அடிவாரத்து டீக்கடையில் கேலி பேசுவார்கள்.

சீடர்கள் பலர் வந்தார்கள். பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள். போகாமல் தங்கிவிட்டவர் மாரப்பன் ஒருவர்தான். அவர் படிக்கவே வரவில்லை. அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றபின் ஜீப் ஓட்ட வந்தவர். டீச்சரைவிட வயதில் மூத்தவர். ஜீப் சும்மா நிற்கும் நேரத்தில் தானும் சும்மா நிற்க முடியாமல் உண்ணிச்செடி வெட்டப் போனார். அப்படியே கேள்வி கேட்கத் தொடங்கினார். கேள்வி கேட்பவரை வெறும் டிரைவர் என்று எத்தனை நாளைக்குச் சொல்வது?

உண்ணிச்செடி எங்கிருந்தோ வந்து அந்தச் சரிவை மூடியிருந்தது. அதன் அடியில் புல் செத்தது. புல் போனதும் மானும் போயிற்று. முதல் மாதம் மாரப்பன் அதைத் தரையோடு தரையாக வெட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். மழை பெய்ததும் ஒன்று பத்தாகத் துளிர்த்தது.

"தழையோட சண்டை போட்டா அதுதாண்ணா ஜெயிக்கும்," என்றார் டீச்சர். மண்ணுக்குள் தாய்வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடக் கற்றுக்கொடுத்தார்.

பிறகு புல் வந்தது. தை மாதம் பனி காய்ந்ததும், வனத்துறையிடம் அனுமதி வாங்கி, சரிவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அந்தப் புல்லுக்குச் சின்னதாகத் தீ வைப்பார்கள். புல்லை மட்டும் மேய்ந்துவிட்டுப் போகிற தீ. அது வராத இடத்தில் உண்ணி மறுபடி தலைகாட்டும்.

அந்தத் தையில், தீ வைக்கிற நாளுக்கு முந்தின மாலை, மாரப்பன் டீச்சரிடம் வந்து நின்றார்.

"ஒண்ணு கேக்கலாங்களா டீச்சர்?"

"கேளுங்கண்ணா."

"வெள்ளிக்கிழமை எஞ்சம்சாரத்துக்குத் திதிங்க. வருசா வருசம் அன்னிக்கு ஓசூர்ல பையன் ஊட்டுக்குப் போவனுங்க. பூபதி வெளிய வரமாட்டான். மருமவ வாசல்லயே ஒரு சொம்பு தண்ணி குடுக்கும். எஞ்சம்சாரம் புழங்கின சொம்புதான், வாய் நெளிஞ்சது. குடிச்சுப்போட்டு அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிருவனுங்க."

டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவ செத்தப்ப நான் திருப்பதி வண்டீல இருந்தனுங்க. வேலூர்ல சேதி வந்துச்சு. வண்டி நெறைய சனம். மொட்டை போடப் போற கொழந்தைங்க. நடுவழியில எறக்கி உட மனசு வரலீங்க. மேல கொண்டுபோய்ச் சேத்துட்டுத்தான் திரும்புனேன். வந்து சேரறதுக்குள்ள எடுத்துட்டாங்க. கொள்ளி வெச்சுட்டு வந்த பூபதி எம்மூஞ்சிய ஒருக்காப் பாத்தான். அப்பறம் பாக்கவே இல்லீங்க."

தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போறப்ப நெஞ்சுல பச்சையா என்னமோ இருக்குதுங்க. வர்றப்பக் கருகிப்போவுது. இந்த வருசம் போவட்டுமா, உட்டுரட்டுமா? உட்டுட்டா நிம்மதியாவாச்சும் தூங்கலாமுங்க."

"காலைல மூணாங்கட்டத்துக்குத் தீ வெக்கணும். நேரத்துல படுங்கண்ணா," என்றார் டீச்சர்.

மாரப்பனுக்குச் சுருக்கென்றது. மனசைத் திறந்து காட்டினால் வேலையைச் சொல்கிறாரே என்று வருத்தத்துடன் போய்ப் படுத்தார்.

மூன்றாம் கட்டம் என்றதுமே அவருக்கு வேறொன்றும் ஞாபகம் வந்திருந்தது. அங்கே ஒரு வேங்கைக் கன்று நிற்கிறது. மழைக்குத் துளிர்த்து, மார்கழிக்குள் முழங்கால் உயரம் வரும். தையில் எரிந்துபோகும். அடுத்த மழைக்குத் திரும்பத் துளிர்க்கும். தாம் வந்த நாளிலிருந்து அதைப் பார்த்து வருகிறார். அந்தப் பக்கம் போனால் அதன் தலையை ஒரு தடவு தடவாமல் வரமாட்டார். தன்னால் ஆகாதது போகட்டும், இது ஒன்றாவது இந்த வருடம் பிழைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

விடியலில் கூடத்துக்குப் பின்னாலிருந்த சின்ன நாற்றங்காலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். கன்று வைக்கிற கறுப்புப் பை, அரையடி உயரம். பென்சில் தடிமன் கன்றுக்கு அது தாராளம். கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு நடந்தார்.

ஒரு சாண் தோண்டினார். வேர் கட்டைவிரல் தடிமன் இருந்தது. சரி, இன்னும் கொஞ்சம். முழங்கை ஆழத்தில் அது மணிக்கட்டுத் தடிமன் ஆயிற்று. கீழே போகப் போகச் சிறுக்க வேண்டியது பெருத்துக்கொண்டே போனது. மாரப்பன் குப்புறப் படுத்துக் குழிக்குள் கையை விட்டார். வேர் முடிகிற வழியாகத் தெரியவில்லை.

பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் வந்து நின்றார். கையில் கொடுவாள் இருந்தது. குழியைப் பார்த்தார், பையைப் பார்த்தார், மாரப்பனைப் பார்த்தார்.

திருட்டு முழி முழித்தார் மாரப்பன். "இது ஒண்ணை மட்டும் காப்பாத்தலாம்னு பாத்தனுங்க."

"நிறுத்தாதீங்க. தோண்டுங்க," என்று சொல்லிக் குழியோரம் உட்கார்ந்தார் டீச்சர். தாமும் கையால் மண்ணை அள்ளிப் போட்டார்.

இடுப்பளவு ஆயிற்று. வேர் இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது.

"நான் வந்த வருசந்தான் மொளச்ச கன்னுன்னு நெனச்சனுங்களே?" என்றார் மாரப்பன் மூச்சு வாங்க.

டீச்சர் கன்றின் அடியில் பழைய சாம்பலையும் சருகையும் ஒதுக்கினார். ஒரு இரும்பு முளையும், அதில் கட்டிய, எண் பொறித்த தகர வில்லையும் தெரிந்தன.

"இதைக் கட்டினது நாந்தாண்ணா. அப்ப நான் எனக்குப் பாடம் சொன்ன எங்க சாருக்கு எடுபிடி. கல்யாணம்கூட ஆகல. அன்னிக்கும் இது முழங்கால் உயரந்தான்."

"வருசா வருசம் எரிஞ்சுதுங்களே?"

"எரிஞ்சுது."

"அப்பறம் கீழ இத்தாம் பெருசு எப்பிடீங்க?"

"மழைக்காலம் பூரா இலை சம்பாதிச்சுக் குடுத்துச்சு. கீழ சேத்து வெச்சுக்கிச்சு."

பிறகு டீச்சர் கொடுவாளை அவர் பக்கம் நீட்டினார். மேலிருந்து அரையடிக்குள்ளாக ஓரிடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"இங்க வெட்டினா பையில அடங்கிரும். நிழல்ல வெச்சுத் தண்ணி ஊத்திக்கலாம். தீயே படாது."

மாரப்பன் கொடுவாளை வாங்கினார். வேர்மேல் வைத்தார். வேர் ஈரமாக இருந்தது. தையில், இத்தனை காய்ந்த மலையில், அது ஈரமாக இருந்தது.

கொடுவாளைக் கீழே வைத்துவிட்டார்.

"மண்ணைத் தள்ளிரலாமுங்க."

இரண்டு பேரும் சேர்ந்து குழியை மூடினார்கள். மாரப்பன் மெதுவாக மிதித்துக் கெட்டிப்படுத்தினார். பையைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பனி காய்ந்தது. அடிவாரத்திலிருந்து வந்த ஆட்கள் தண்ணீரும் தழையுமாகக் கட்டத்தைச் சுற்றி நின்றார்கள். டீச்சர் பந்தத்தை மாரப்பனிடம் கொடுத்தார். காற்றுக்கு எதிராக அவரே தீ வைத்தார். தீ மெல்ல மேய்ந்து வந்தது. வேங்கைக் கன்றின் இலைகள் சுருண்டன, கறுத்தன, இல்லாமல் போயின. மாரப்பன் வாய்விட்டு அழுதார். புகை என்று யாரிடமும் சாக்குச் சொல்லவில்லை.

சாயங்காலம் திரும்பப் போய் அந்த இடத்தில் கை வைத்துப் பார்த்தார். சாம்பல் இன்னும் சுட்டது. விரலால் கொஞ்சம் கிளறினார். அடியில் மண் குளிர்ந்திருந்தது.

வியாழக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஜீப் சாவியைக் கொடுக்க வந்தார்.

"அது எப்பங்க மரமாவும்?"

"ஏதோ ஒரு வருசம் தீயைவிட ஒசந்துரும். எந்த வருசம்னு எனக்குத் தெரியாது. எங்க சார் பாக்காமயே போயிட்டார்."

"நீங்க?"

"துருப்பிடிச்சா தகரத்தை மாத்திக் கட்டிட்டிருக்கேன்." டீச்சரின் குரல் இறங்கியிருந்தது. அவரும் எத்தனையோ தை பார்த்தவர்.

மாரப்பன் வாசல்வரை போனார். படியிறங்காமல் திரும்பினார். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார்.

"இந்த வருசமும் பூபதி வெளிய வரலீன்னா?"

டீச்சர் சாவியை ஆணியில் மாட்டினார்.

"உங்க மருமக அந்த வீட்டுக்கு வந்தது எப்பண்ணா?"

"எஞ்சம்சாரம் போனதுக்கு அப்பறந்தானுங்க. மாமியாரப் பாத்ததே இல்ல."

"அப்ப வருசா வருசம் அந்த நெளிஞ்ச சொம்பை யாருண்ணா மருமக கைல எடுத்துக் குடுக்கறது?"

மாரப்பன் படியிறங்கி, பஸ் நிற்கிற பக்கமாக வேகமாக நடந்தார்.