பேச்சியம்மாளின் முதல் வரி

இந்தக் கதையில் நரை சிஷ்யருக்குத்தான். குருவுக்கு வயது முப்பத்தாறு, பெயர் ஜெசிந்தா. தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில், நூலகத்துக்குப் பின்னால், சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்த அறை அவருடையது. வாசலில் ‘எழுத்து உதவி மையம்’ என்று ஒரு பலகை. விண்ணப்பமோ கட்டுரையோ ஆய்வேடோ, எழுதத் திணறுகிற பிள்ளைகள் தாளோடு வருவார்கள். எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்பார். மையம் என்பது அவ்வளவுதான்.

சிஷ்யர் தணிகைவேல். இருபத்து நான்கு வருடம் வரலாறு நடத்தியவர். துறையில் ஆள் அதிகம் என்று இங்கே மாற்றிவிட்டார்கள். நன்றாக எழுதுவார். அது அவருக்கே தெரியும், வினையும் அதுதான்.

வந்த முதல் நாள் ஒரு மாணவன் தன் கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தான். எதிரே ஜெசிந்தா இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, கைகளின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

“என்ன மேடம், இந்த வெயில்ல குளிருதா?”

“இல்ல சார். இந்தக் கை சும்மா இருக்காது. பிள்ளை கையில இருக்கிற பேனாவைப் பிடுங்கிரும். அதான் உட்கார வச்சிருக்கேன். நீங்களும் பழகிக்கங்க.”

“ஆகட்டும் குருவே” என்று தணிகைவேல் பெரிதாகக் கும்பிட்டார். சும்மா கேலிக்குத்தான்.

அந்த மையத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. போகும்போது ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துண்டுச்சீட்டில் இரண்டு வரி எழுத வேண்டும். இன்றைக்கு எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன். எழுதி, மேசைமேல் இருக்கும் பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டுப் போகலாம்.

ஆறு மாதம் கழித்துத் தர மதிப்பீட்டுப் பிரிவிலிருந்து ஒரு படிவம் வந்தது. இரண்டே கேள்வி. உங்கள் மையத்தில் மாணவர் கற்றது என்ன? அதை எப்படி அளந்தீர்கள்?

“எப்படி மேடம் அளக்குறது?” என்றார் தணிகைவேல்.

“எனக்கும் தெரியல சார். நீங்க ஒரு வழி பாருங்களேன்.”

தணிகைவேல் மளமளவென்று இறங்கினார். ஒவ்வொரு பிள்ளையின் முதல் பிரதியையும் கடைசிப் பிரதியையும் எடுத்தார். இருபதுக்கு மதிப்பெண் போட்டார். ‘முதல்’, ‘கடைசி’ என்று இரண்டு கட்டம். அறுபத்து மூன்று பெயர். எல்லாருக்கும் ஏறியிருந்தது.

பட்டியலில் முதல் பெயர் பேச்சியம்மாள். வரலாற்று முதுகலை முடித்தவள். ஓர் ஊரின் குழாயடிச் சண்டைகளைப் பற்றி நகராட்சிக்கு நாற்பது வருடமாக வந்த புகார் மனுக்களைத் தேடி எடுத்து ஆய்வு செய்தவள். ஓர் ஆவணக் காப்பகத்தில் ஆய்வு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பம் எழுத எட்டு முறை மையத்துக்கு வந்தாள். எட்டு முறையும் தணிகைவேலிடம்தான். வேலை கிடைக்காவிட்டால் ஊரில் ஜவுளிக்கடை. கடைக்காரர் இரண்டு தடவை ஆள் விட்டுவிட்டார்.

அவளுக்கு முதல் 6, கடைசி 18. விண்ணப்பம் தேறி, நேரில் வரச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. தணிகைவேலுக்குத் தலைகால் புரியவில்லை.

அறிக்கையோடு டின்னில் இருந்த சீட்டுகளையும் இணைக்க நினைத்தார். எடுத்துப் படித்தவர் திகைத்துப் போனார். ‘மூணாவது பத்தி சும்மா நின்னுச்சி. தூக்கிட்டேன்.’ ‘சொன்னதையே சொல்லிருக்கேன் போல.’ ஒரு வரிக்கு மூன்று பிழை. இதையெல்லாமா மேலே அனுப்புவது?

ஆகவே பிள்ளைகளைக் கூப்பிட்டார். சீட்டுகளைத் தானே திருத்தி எழுதி, அவரவர் கையெழுத்தில் பார்த்து எழுதச் சொன்னார். பழைய சீட்டுகளைக் கிழித்துப் போட்டார். அதில் தப்பு ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை, சத்தியமாக.

செவ்வாய்க்கிழமை அறிக்கையை ஜெசிந்தாவிடம் நீட்டினார்.

“ஒரு கையெழுத்து மேடம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.”

ஜெசிந்தா சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“சார், இந்தச் சீட்டுல ‘கருத்துகளைச் செவ்வனே வரிசைப்படுத்தினேன்’னு இருக்கு.”

“ஆமா மேடம்.”

“இதுலயும் ‘செவ்வனே’. இதுலயும் ‘செவ்வனே’. நம்ம பிள்ளைங்கள்ல யார் சார் ‘செவ்வனே’ன்னு பேசுறது?”

தணிகைவேல் கொஞ்சம் சிரித்துப் பார்த்தார். ஜெசிந்தா சிரிக்கவில்லை.

“பிழையா இருந்துச்சு மேடம். லேசாத் திருத்தினேன்.”

“பழைய சீட்டு இருக்கா?”

“கிழிச்சுட்டேன்.”

ஜெசிந்தா பேனாவை மூடி வைத்தார்.

“பேச்சி எப்ப வருவா?”

“நாளைக்கு அவளுக்கு நேர்முகம். வியாழக்கிழமை வந்துருவா. ஸ்வீட்டோட வருவா பாருங்க.”

“அவ வரட்டும் சார். வந்ததும் கையெழுத்துப் போடுறேன்.”

வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பேச்சியம்மாள் வந்தாள். கையில் ஸ்வீட் இல்லை. வாசலிலேயே நின்றாள்.

“உள்ள வாம்மா. என்னாச்சு?” என்றார் தணிகைவேல்.

“உட்கார வச்சு ஒரு வெள்ளைத்தாளைக் குடுத்தாங்க சார். உங்க ஆய்வைப் பத்தி ஒரு பக்கம் எழுதுங்க, அரை மணி நேரம்னாங்க.”

“சரி, எழுத வேண்டியதுதானே? உன் ஆய்வுதானே!”

“முதல் வரி எழுதிட்டேன் சார். ‘குடிநீர் என்பது மானுட நாகரிகத்தின் உயிர்நாடி.’ அது மனப்பாடமா இருந்துச்சு.”

“அப்புறம்?”

“அடுத்து என்ன வரும்னு தெரியல சார். யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன், உங்க வரி ஞாபகம் வரல. பக்கத்துல எல்லாரும் எழுதிட்டே இருக்காங்க. தாளைக் குடுத்தப்ப, வாங்குன அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. பின்பக்கம் எழுதியிருக்கேனோன்னு.”

அவள் அழவில்லை. முகம்தான் சிறுத்துப்போயிருந்தது.

“உங்க மேல தப்பில்ல சார். நீங்க எவ்வளவு சொல்லிக் குடுத்தீங்க! நான்தான் மக்கு.”

தணிகைவேலுக்குக் காது மடல் சுட்டது. இருபத்து நான்கு வருட வேலையில் எத்தனையோ பேர் அவரைத் திட்டியிருக்கிறார்கள். ஒருவருடைய நன்றி இப்படிச் சுட்டதில்லை. மேசைமேல் பட்டியல் திறந்து கிடந்தது, முதல் பெயர், 6, 18. சட்டென்று கையால் மறைத்தார். பேச்சி அதைக் கவனிக்கவில்லை. ஜெசிந்தா கவனித்தார்.

“பேச்சி, முதல்முதல்ல நீ என்ன எழுதிட்டு வந்தே?” என்றார் ஜெசிந்தா.

“அது சும்மா எங்க வீட்டுக் கதை மேடம். எங்க அம்மா குழாயடியில அடி வாங்குனதைப் பத்தி. சார் அதை அடிச்சுட்டு இதைப் போட்டுத் தந்தாங்க. இதுதான் கம்பீரமா இருந்துச்சு.”

“வேற எங்கயாச்சும் கூப்பிட்டிருக்காங்களா?”

“இருபத்தெட்டாம் தேதி இன்னொரு இடத்துல. அங்கயும் உட்கார வச்சு எழுதச் சொல்வாங்களாம். நான் போகல மேடம். ஜவுளிக்கடையில திங்கக்கிழமை சேரச் சொல்றாங்க.”

தணிகைவேல் தொண்டையைச் செருமினார்.

“பேச்சி, நீ மக்கு இல்லம்மா. அந்த விண்ணப்பம் உன்னுது இல்ல. நான் எழுதினது. எட்டு தடவையும் நான்தான் எழுதினேன்.”

“நல்லாத்தானே சார் எழுதினீங்க” என்றாள் அவள்.

ஜெசிந்தாதான் பேசினார்.

“இருபத்தெட்டு வரைக்கும் கடைக்குப் போகாதே. தினமும் இங்க வா. சார் இருப்பார்.”

பேச்சி போன பிறகு தணிகைவேல் பட்டியலைச் சுருட்டிப் பைக்குள் திணித்தார்.

“வேற யாராவது அவகூட உட்காரட்டும் மேடம். எனக்கு அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க வெட்கமா இருக்கு.”

“எனக்கும்தான் சார் வெட்கமா இருக்கு. எட்டு தடவையும் பக்கத்து மேசையில இருந்தேன். அவ சத்தமே கேக்கல, உங்க சத்தம்தான் கேட்டுச்சு. நல்லாப் பேசுறாரேன்னு நானும் கேட்டுட்டே இருந்துட்டேன்.”

“அதுக்கு இப்ப என்ன பண்றது?”

ஜெசிந்தா ஒரு மரநாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

“கையை அடியில வச்சு உட்காருங்க.”

மறுநாள் பேச்சி வந்தாள். தணிகைவேல் கைகளின் மேல் உட்கார்ந்தார். அவள் வெள்ளைத்தாளை எடுத்து முதல் வரி எழுதினாள். ‘குடிநீர் என்பது மானுட நாகரிகத்தின் உயிர்நாடி.’ பிறகு பேனாவைக் கடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். ஒரு மணி நேரம் போனது. இரண்டாவது வரி வரவில்லை.

“வாயும் பேசக் கூடாதா மேடம்?” என்றார் அவள் போனதும்.

“கேள்வி கேக்கலாம். பதில் உங்களுக்குத் தெரியாத கேள்வியாப் பார்த்துக் கேளுங்க.”

அது லேசான வேலையில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் விடை தெரிந்த கேள்விகள்தான். பரீட்சைத் தாளுக்கு அவற்றைத்தான் காலமெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள், மனுக்களை எழுதியது யார் என்று கேட்டார். பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது, வார்டு எழுத்தர்தான் எழுதிக்கொடுத்தார் என்றாள் பேச்சி. அது அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அன்றைக்கு அவள் நான்கு வரி எழுதினாள். ஆனால் எல்லா நாளும் தாளின் தலையில் அந்த உயிர்நாடி வந்து உட்கார்ந்துகொண்டது. அதைத் தொட்டு அவள் எழுதிய எதுவும் ஒட்டவில்லை. அடித்துத் தொலை என்று கத்த வேண்டும் போலிருந்தது அவருக்கு. கை மரத்துப் போனது. வாயை மூடிக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் அறிக்கைத் தேதி, வழக்கம்போல, இரண்டு வாரம் தள்ளிப்போனது.

பதினோராம் நாள். அவள் அதே வரியைத்தான் முதலில் எழுதினாள்.

“பேச்சி, இந்த வரியை உங்க அம்மாகிட்ட படிச்சுக் காட்டினா என்ன சொல்வாங்க?”

அவள் மனதுக்குள் ஒருமுறை படித்துப் பார்த்தாள். குபுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது.

“யாருக்குடி இரங்கல் கூட்டம்னு கேப்பா சார்!”

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பயத்தோடு அவரைப் பார்த்தாள். தணிகைவேலும் சிரித்தார். சிரிக்கும்போதே வலித்தது.

பேச்சி குனிந்தாள். கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்தாள். பிறகு பேனாவால் ஒரே இழுப்பாக அதை அடித்தாள். கீழே எழுதத் தொடங்கினாள்.

‘எங்கள் அம்மாவின் நெற்றியில் ஒரு தழும்பு இருக்கிறது. குழாயடியில் குடத்தால் பட்டது. அடித்தவள் யார் என்று அம்மா இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் நகராட்சியில் அந்த மனு இருக்கிறது.’

பேனா நிற்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் தாளின் பின்பக்கமும் நிரம்பியது. ஓரிடத்தில் ‘நகராட்சி’ என்ற சொல்லில் ஓர் எழுத்துப்பிழைகூட இருந்தது. தணிகைவேல் கையை எடுக்கவில்லை.

போகும்போது அவள் சீட்டு எழுதி டின்னில் போட்டாள். “வர்றேன் சார். நாளைக்கும் வருவேன்” என்றாள்.

அவள் போன பிறகு அவர் சீட்டை எடுத்தார். விரல்களில் உணர்ச்சி திரும்பக் கொஞ்ச நேரம் ஆனது. சீட்டில் இப்படி இருந்தது.

‘இன்னைக்கு மாத்துனது: மொத வரிய அடிச்சேன். ஏன்: அது சார் வரி.’

அதை இரண்டு தடவை படித்தார். பைக்குள்ளிருந்து பட்டியலை எடுத்து நீவி விட்டார். பேச்சியம்மாளுக்கு நேரே இருந்த 18ஐ அடித்தார். பட்டியலையும் சீட்டையும் ஜெசிந்தாவின் மேசைக்குக் கொண்டு போனார்.

“மேடம், இந்தக் கட்டத்துல இப்ப என்ன போடட்டும்?”

ஜெசிந்தா சீட்டைப் படித்தார். எந்தப் பிழையையும் திருத்தவில்லை.

“அந்த வரியை அடிக்க அவளுக்கு எத்தனை நாள் ஆச்சு சார்?”

“பதினோரு நாள்.”

“அதைப் போடுங்க. அவகூட உட்கார்ந்தது நீங்க, கீழ கையெழுத்தும் நீங்க போடுங்க.”