நீர்நாயின் நான்கு கற்கள்

மலையடிவாரத்து மடுவில் ஒரு நீர்நாய் வாழ்ந்தது. மீன் பிடித்து, குழியில் தீ மூட்டி, புகையில் வாட்டிக் காடு முழுவதும் விற்று வந்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு சுமை விறகு எரித்தால் கணக்குப் பார்க்கும் ஆமையின் பாறைக்குழியில் ஒரு கல் போட வேண்டும். ஒரு தொழிலுக்கு நாளொன்றுக்குப் பத்துக் கல் வரை போகலாம். இருவாட்சிப் பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலத்தில் மட்டும் ஐந்தைத் தாண்டக் கூடாது.

அதற்குக் காரணம் உண்டு. பெண் இருவாட்சி மரப்பொந்துக்குள் புகுந்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். அதன் வழியே ஆண் பறவை பழம் ஊட்டும். புகை சூழ்ந்தால் உள்ளே இருப்பவளால் பறந்து போக முடியாது.

முன்பெல்லாம் நீர்நாய் பத்துக் கல் போடும். அந்த ஆண்டு குஞ்சு பொரிக்கும் காலம் வந்ததும் நான்குதான் போட்டது.

"பார்த்தீர்களா! ஐந்துகூட இல்லை!" என்று மார்தட்டியது. காடே மெச்சியது. மயில் தன் இறகு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தது.

ஆனால் புகை குறையவில்லை.

"மூச்சு முட்டுகிறது. குஞ்சு கண்ணே திறக்க மாட்டேன் என்கிறது" என்றாள் பொந்துக்குள் இருந்த இருவாட்சி.

ஆண் இருவாட்சி மடுவுக்குப் பறந்தது. "அண்ணே, உங்கள் குழியில் எவ்வளவு எரிகிறது?"

"நான்கு சுமை! சந்தேகமா? உட்கார்ந்து எண்ணிப் பார். உன் அலகு பெரிது தம்பி, அதனால் புகையும் பெரிதாகத் தெரிகிறது!"

இருவாட்சி நாள் முழுவதும் உட்கார்ந்து எண்ணியது. சரியாக நான்கு. ஒரு நாள் வீணானது.

மறுநாள் புகையின் வழியே பறந்தது. மேட்டுக்கு அப்பால் காட்டுப்பன்றி கரி சுட்டுக்கொண்டிருந்தது.

"யாருக்கு இந்தக் கரி?"

"நீர்நாய்க்குத்தான். முன்பு அவரே சுட்டுக்கொள்வார். இப்போது என் தலையில் கட்டிவிட்டார். தினமும் ஆறு சுமை!"

"கல் போட்டாயா?"

"நானா? நான் மீனை மோந்துகூடப் பார்ப்பதில்லை! அவர் வேலைக்கு அவரே போடட்டும்."

பள்ளத்தில் நரிகளின் குகைகளும் புகைந்தன.

"மீன் இப்போதெல்லாம் அரைகுறையாக வாடித்தான் வருகிறதப்பா!" என்று சலித்துக்கொண்டது கிழநரி. "வீட்டில் மறுபடி புகை போடாவிட்டால் நாறிவிடும். எல்லாக் குகையிலும் சேர்த்து ஏழு சுமை ஆகிறது. வீட்டு அடுப்புக்கெல்லாம் யார் கல் போடுவார்கள்?"

இருவாட்சி பதினேழு கற்களைப் பொறுக்கி ஆமையின் முன் வைத்தது. ஆமை நீர்நாயை அழைத்தது.

"இதில் நான்குதான் என்னுடையவை!" என்றது நீர்நாய். "மற்ற தீயெல்லாம் என் இடத்திலா எரிகிறது?"

"நீ மீன் விற்காவிட்டால் பன்றி இவ்வளவு கரி சுடுமா?"

"சுடாது."

"மீனை முழுதாக வாட்டிக் கொடுத்தால் நரிகள் வீட்டில் புகை போடுமா?"

"தேவையிருக்காது" என்றது நீர்நாய்.

"தீயை இடம் மாற்றினாய். குறைக்கவில்லை" என்றது ஆமை.

மாலைக்குள் எல்லாத் தீயும் அணைந்தது. காற்று தெளிந்தது. இருவாட்சி ஓர் அத்திப்பழத்தைக் கவ்விக்கொண்டு மரத்துக்கு விரைந்தது. கீறலில் பழத்தை நீட்டியது.

அவள் அலகு வரவில்லை.

மறுபடி நீட்டியது. வெகுநேரம் கழித்து ஒரு சிறிய அலகு நடுங்கியபடி வெளியே வந்தது. குஞ்சின் அலகு. பழத்தை அது மட்டும்தான் வாங்கிக்கொண்டது.

தாய்ப்பறவை இறந்த செய்தி கேட்டு நீர்நாய் மயிலிறகைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு ஆமையிடம் வந்து தலைகுனிந்து நின்றது. "இதற்கு நான் எத்தனை கல் போட வேண்டும்?"

"இதற்குக் கல் இல்லை" என்றது ஆமை.

நம் வேலைக்காக எழும் புகை எவர் வாசலில் எழுந்தாலும் அது நம் புகையே. அதை எண்ணாமல் விடுவதால் அது இல்லாமல் போய்விடாது.