முள்ளம்பன்றியும் பிசின் கட்டையும்

மலைச்சரிவில் ஒரு பைன் காடு. அதன் நடுவே ஓர் ஓடை. ஓடைக்கு இக்கரையில் எய்யன் என்ற முள்ளம்பன்றி வளை தோண்டிக்கொண்டு தனியாக வாழ்ந்து வந்தான். மற்ற விலங்குகள் எல்லாம் அக்கரையில் இருந்தன.

எய்யன் யாரையும் வேண்டுமென்று குத்தியதில்லை. ஆனாலும் அவன் வருகிறான் என்றாலே எல்லோரும் ஒதுங்கிக்கொள்வார்கள். ஓடையில் தண்ணீர் குடிக்கப் போனால் அவனுக்கு இரண்டு பக்கமும் தாராளமாக இடம் கிடைக்கும்.

"என்ன, சௌக்கியமா?" என்று எய்யன் கேட்பான்.

"சௌக்கியம், சௌக்கியம்!" என்று தள்ளி நின்றே சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

சாயங்காலம் ஆனால் அக்கரையில் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். என்ன பேசுகிறார்கள் என்று எய்யனுக்குப் புரியாது. சிரிப்பு மட்டும்தான் இந்தப் பக்கம் வந்து சேரும். அது அடங்கும் வரை வளை வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். பிறகு உள்ளே போய்ச் சுருண்டு படுத்துக்கொள்வான்.

அந்தக் காட்டு விலங்குகளுக்கு நெருப்பு மூட்டத் தெரியும். சிக்கிமுக்கிக் கல்லை உரசி, காய்ந்த சருகில் பொறி விழ வைத்துக் குளிர் காய்வார்கள். ஆனால் அந்த வருஷம் ஐப்பசி மழை விட்டபாடில்லை. சருகு ஊறியது. சுள்ளி ஊறியது. கல்லை எவ்வளவு உரசினாலும் விழுந்த பொறி விழுந்த இடத்திலேயே செத்தது. குளிரோ எலும்பைத் தின்றது. அக்கரையில் சிரிப்புச் சத்தமும் நின்றுபோனது.

ஒருநாள் எய்யன் பல்லைத் தேய்க்க மரம் தேடிப் போனான். முள்ளம்பன்றியின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்த்தால்தான் ஆகும். எப்போதோ செத்துப்போன ஒரு பைன் மரத்தின் அடிக்கட்டை கண்ணில் பட்டது. வெளிப்பக்கம் மக்கிப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஆனால் நடுவில் மட்டும் வைரம் பாய்ந்தது போல ஒரு கட்டை நின்றது. தேன் நிறம். கடித்தால் பல்லில் ஒட்டியது. மூக்கைத் துளைக்கும் வாசனை! மரம் சாகும்போது அதன் பிசின் முழுவதும் அங்கே இறங்கி ஊறிக் கெட்டிப்பட்டிருந்தது.

"தண்ணி ஒரு சொட்டுகூட உள்ளே போகலையே!" என்று எய்யன் ஆச்சரியப்பட்டான்.

ஒரு துண்டை வளைக்குக் கொண்டுவந்தான். பல்லால் சுரண்டினான். சுருள் சுருளாகத் தூள் விழுந்தது. கல்லை உரசினான். ஒரே பொறிதான். பக்கென்று பற்றிக்கொண்டது! கட்டையை மெல்லிய சிராய்களாகப் பிளந்து அதன்மேல் வைத்தான். கரும்புகையோடு நின்று எரிந்தன. எரியும் சிராய் ஒன்றை வெளியே மழையில் நீட்டினான். துளி விழுந்தது, சுர்ரென்றது. சுடர் அணையவில்லை.

"இங்கே பாருங்க! மழையிலேயே எரியுது!" என்று கத்திக்கொண்டே திரும்பினான்.

பார்க்க அங்கே யாரும் இல்லை. எய்யன் சிராயை மெதுவாக உள்ளே எடுத்துக்கொண்டான்.

மறுநாள் வாசலில் ஒரு நிழல் விழுந்தது. அக்கரையில் குடியிருக்கும் முயல் அவள், பெயர் பஞ்சி. நனைந்து பாதியாகிப் போயிருந்தாள்.

"அண்ணே, உங்க வளையில புகை தெரிஞ்சுது. எங்களுக்கு ஒண்ணும் பத்த மாட்டேங்குது. குட்டிங்க நடுங்குது. உங்களுக்கு மட்டும் எப்படி எரியுது?"

எய்யனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவன் வளைக்கு வந்த முதல் ஆள்! செத்த பைன் மரத்தை, மக்கின அடிக்கட்டையை, நடுவிலிருக்கும் பிசின் வைரத்தை, எல்லாவற்றையும் சொல்லிவிட வாயைத் திறந்தான். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது: 'சொல்லிவிட்டால் இவள் நாளைக்கு எதற்கு வரப்போகிறாள்?'

திறந்த வாயை மூடிக்கொண்டான். ஒரே ஒரு சிராயை எடுத்து நீட்டினான்.

"இதைச் சுரண்டித் தூளாக்கு. தூள்ல பொறி விழட்டும். மேலே மெல்லிசான சுள்ளியா அடுக்கு. நல்லா எரியும்."

"நாளைக்கு, அண்ணே?"

"நாளைக்கு வா, தர்றேன்!"

மறுநாள் பஞ்சி வந்தாள். அவள் சொல்லிக் கரடி வந்தது. கீரி வந்தது. சில நாளிலேயே சாயங்காலம் ஆனால் எய்யன் வாசலில் கூட்டம் நிறைந்தது. ஆளுக்கு ஒரு சிராய். ஒரு பொழுதுக்கு மட்டும் போதுமான சிராய்.

"இது என்ன மரம்ப்பா? எங்கே கிடைக்குது?" என்று கீரி மோப்பம் பிடித்தது.

"அதெல்லாம் பெரிய வேலை. உங்களுக்கு எதுக்கு அந்தச் சிரமம்?" என்று எய்யன் மழுப்பினான்.

அன்றிலிருந்து சிராய்களில் சேறு பூசி வைத்தான். நிறம் தெரியாது, வாசனையும் வராது. அடிக்கட்டையைச் சருகு போட்டு மூடினான். அங்கே போகும்போது நேர்வழியில் போகாமல் சுற்றிக்கொண்டு போனான்.

வந்தவர்கள் வாங்கிக்கொண்டு உடனே கிளம்பிவிடுவதுதான் எய்யனுக்குப் பிடிக்கவில்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தான்.

"உட்காருங்க. ஆளுக்கு ஒரு கதை சொல்லிட்டு வாங்கிக்குங்க!"

"சரி, கேட்டுக்கோ!" என்றது கரடி. "ஒரு காட்டில ஒரு கரடி இருந்துச்சு. அதுக்கு ரொம்பக் குளிருச்சு. கதை முடிஞ்சுது. குடு!"

எல்லோரும் சிரித்தார்கள். எய்யனும் சிரித்தான். தன் வாசலிலேயே சிரிப்புச் சத்தம்! ஆனால் சிரிக்கும்போதும் அவர்களுடைய கண் அவன்மேல் இல்லை. அவனுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த சிராய்களின்மேல் இருந்தது. எய்யன் அதைக் கவனித்தான். அவர்கள் போனபிறகு வளை முன்பைவிடக் காலியாக இருந்தது போலத் தோன்றியது.

'அடிக்கடி வந்தால் பழகிவிடுவார்கள்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சிராயை இன்னும் சின்னதாகப் பிளந்தான். இப்போது காலையிலும் வரவேண்டியிருந்தது, மாலையிலும் வரவேண்டியிருந்தது.

ஒரு சாயங்காலம் வானம் கறுத்துக் கிடந்தது. எல்லோரும் போனபிறகும் பஞ்சி நின்றாள்.

"அண்ணே, ஓடையில தண்ணி ஏறிக்கிட்டே வருது. நாளைக்கு என்னால வர முடியுமோ முடியாதோ. ரெண்டா குடுங்களேன்."

எய்யன் இரண்டு சிராயை எடுத்தான். எடுத்தவன் யோசித்தான். இரண்டு கொடுத்தால் நாளைக்கு இவள் வரமாட்டாள்.

"ஒண்ணே போதும்," என்றான். "நாளைக்கு வா, பஞ்சி. காத்திருப்பேன்."

பஞ்சி ஒன்றை வாங்கிக்கொண்டு மழையில் இறங்கினாள்.

மறுநாள் பேய்மழை. காலையில் யாரும் வரவில்லை. எய்யன் சிராய்களை வரிசையாக எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். மாலையிலும் யாரும் வரவில்லை.

"ஒரு நாள் மழைன்னா வராம இருந்துடுவாங்களா? இவ்வளவுதானா என்மேல பிரியம்?" என்று கோபித்துக்கொண்டான்.

அடுத்த நாள் விடிந்ததும் மழை சற்று விட்டது. அக்கரையிலிருந்து கரடியின் குரல் கேட்டது. எய்யன் கரைக்கு ஓடினான். ஓடை ஆறாகப் பெருகிச் சீறிக்கொண்டிருந்தது.

"எய்யா! பஞ்சி வளையில தண்ணி புகுந்திடுச்சு!" என்று கரடி தொண்டை கிழியக் கத்தியது. அதன் குரல் கனமானதால் துண்டு துண்டாகவாவது கேட்டது. "குட்டிங்க விறைச்சுக் கிடக்குது! எங்ககிட்ட ஒரு சிராய்கூட இல்ல! அந்தக் கட்டை இந்தக் கரையில இருக்கா? எங்கேன்னு சொல்லு!"

"இருக்கு! செத்த பைன் மரம்! அடிக்கட்டை! நடுவில பாருங்க!" என்று எய்யன் கத்தினான்.

கரடி காதில் கையை வைத்தது. "என்ன? கேட்கல!"

"பைன் மரம்! அடிக்கட்டை!"

"கேட்கலப்பா!"

எத்தனையோ சாயங்காலம் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அப்போது காதோடு காதாகச் சொல்லியிருக்கலாம். இப்போது உயிரைக் கொடுத்துக் கத்தினாலும் தண்ணீர் இரைச்சல் அதை விழுங்கியது.

எய்யன் வளைக்கு ஓடி, இருந்ததில் பெரிய பிசின் கட்டையை வாயில் கவ்விக்கொண்டான். கொஞ்சம் மேலே, இரவு மழையில் விழுந்த ஒரு மெல்லிய மரம் ஓடைக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. அதன்மேல் ஏறி நடந்தான். பாசி வழுக்கியது. தண்ணீர் காலை இழுத்தது. நடுவில் ஒருமுறை சறுக்கி வயிறு மரத்தில் அடிபட்டது. கட்டையை மட்டும் அவன் விடவில்லை. எப்படியோ அக்கரை சேர்ந்தான்.

ஒரு பாறை இடுக்கில் பஞ்சி தன் குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தாள். முன்னால் கருகாத ஈரச்சுள்ளிகள் சிதறிக் கிடந்தன. கல்லை உரசி உரசி அவள் பாதங்களில் ரத்தம் கட்டியிருந்தது. கீரியும் மற்றவர்களும் சுற்றி நின்றார்கள்.

எய்யன் கட்டையைச் சுரண்டினான். பொறி விழுந்தது. தூள் பற்றியது. சிராய் பற்றியது. அதன் சூட்டில் ஈரச்சுள்ளியும் சீறிச் சீறிப் பற்றியது. நெருப்பு எழுந்தது. குட்டிகள் ஒவ்வொன்றாக அசைந்தன. காதை ஆட்டின. பாலுக்கு முட்டின.

கடைக்குட்டி மட்டும் அசையவில்லை.

பஞ்சி அதை நக்கிப் பார்த்தாள். நெருப்புப் பக்கம் நகர்த்திப் பார்த்தாள். திரும்பத் திரும்ப நக்கினாள். கரடி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

எய்யன் நிமிர்ந்தான். பாறைக்கு எதிரே, கூப்பிடு தூரம்கூட இல்லை, ஒரு பழைய பைன் அடிக்கட்டை நின்றது. வெளிப்பக்கம் மக்கியிருந்தது. எய்யன் போய் அதை உதிர்த்தான். உள்ளே தேன் நிறத்தில் பிசின் வைரம் தெரிந்தது.

"இதுதான்," என்றான். "பச்சை மரத்துல கிடைக்காது. செத்து நாளான பைன்ல பாருங்க. அடிக்கட்டையோட நடுவில, கிளை முளைச்ச கணுவில. கையில எடுத்தா கனமா இருக்கும். மோந்து பார்த்தாத் தெரியும்."

கீரி முகர்ந்து பார்த்தது. "இது இங்கேயேவா இருந்துச்சு? உனக்குத் தெரியுமா?"

"பைன் இருக்கிற இடமெல்லாம் இருக்கும்னு தெரியும்."

"பின்னே ஏன் சொல்லல?"

"சொன்னா... நீங்க யாரும் வரமாட்டீங்களேன்னு..."

பஞ்சி அவனைப் பார்க்கக்கூட இல்லை. எய்யன் வந்த வழியே மரத்தின்மேல் ஏறித் திரும்பிப் போனான்.

அதன்பிறகு அக்கரையில் எல்லார் வீட்டிலும் புகை எழுந்தது. ஒருநாள் கரடி பேராசைப்பட்டு முழுக்கட்டையையும் குகைக்குள் கொளுத்தி, மூஞ்சியெல்லாம் கரி அப்பிக்கொண்டு வெளியே ஓடிவந்தது. மீண்டும் சிரிப்புச் சத்தம் கேட்டது. எய்யன் வாசலுக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. அவன் பயந்தது போலவே ஆயிற்று.

எய்யன் நெருப்புகூட மூட்டாமல் வளைக்குள் கிடந்தான். கடைக்குட்டியின் முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. நடுங்கும் உடம்போடு பஞ்சி தினமும் அந்த ஓடையைக் கடந்து வந்தது நினைவுக்கு வந்தது. கரடி வந்தது, கீரி வந்தது. 'நான் ஒருநாளாவது யார் வாசலுக்காவது போனேனா?' என்று முதல்முறையாகத் தன்னையே கேட்டுக்கொண்டான்.

மறுநாள் மாலை சிராய்களை ஒரு கட்டாகக் கட்டினான். வாசல் வரை கொண்டுபோனான். பிறகு அங்கேயே போட்டுவிட்டு வெறும் வாயோடு ஓடையைக் கடந்தான்.

பஞ்சி மேட்டில் புது வளை தோண்டியிருந்தாள். எய்யன் கொஞ்சம் தள்ளியே நின்றான்.

"பஞ்சி, நான் செஞ்சது பெரிய தப்பு," என்றான்.

உள்ளே இருந்து பதில் இல்லை. பொழுது சாயும் வரை நின்றுவிட்டுத் திரும்பினான். மறுநாளும் போனான். அன்றும் பதில் இல்லை. அதற்கடுத்த நாளும் போனான். மழை பெய்தாலும் போனான். போய், தள்ளி உட்கார்ந்திருந்துவிட்டு வருவான்.

ஒரு மாலை தூறலில் பஞ்சி வெளியே தலையை நீட்டினாள்.

"உங்களுக்கு என்னதான் வேணும், அண்ணே?"

"ஒண்ணும் வேணாம், பஞ்சி. சும்மாதான் வந்தேன்."

பஞ்சி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் முழுதாகப் போயிருக்கவில்லை. ஆனாலும் குட்டிகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, "நனையாதீங்க, உள்ளே வாங்க," என்றாள்.

அடுத்தவர் தேவையைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆட்களை வரவழைக்கலாம். ஆனால் உறவு வேண்டுமென்றால் நாம்தான் எதையும் எதிர்பாராமல் அவர்கள் வாசல் தேடிப் போகவேண்டும்.