கொய்யாக் கம்பின் அளவு

1998 ஜூன் 9, செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, மூன்று கொய்யாக் கன்றுகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஓய்வுபெற்ற ஏட்டு சங்கிலிமுத்து கல்லுப்பொட்டல் மடத்துக்கு வந்து சேர்ந்தார். கொண்டுவரச் சொன்னவர் மடத்தை நடத்தும் உலகம்மை.

உலகம்மைக்கு நாற்பத்தாறு வயது. சங்கிலிமுத்துவுக்கு அறுபது. ஆனாலும் அவர்தான் சீடர். முந்தின வாரமே வந்து எதையும் மறைக்காமல் சொல்லியிருந்தார். 1985-இல் உப்பள மறியலைக் கலைத்தபோது சவரிமுத்து என்ற தொழிலாளியின் வலது முழங்காலை லத்தியால் நொறுக்கிவிட்டார். ஆள் விழுந்த பிறகும் அடித்தார். அன்றிலிருந்து நிம்மதி இல்லை.

“இது தீர ஒரு வழி சொல்லுங்கம்மா” என்று கேட்டிருந்தார்.

“அந்த ஆளுக்கு ஒரு ஊன்றுகோல் செய்யுங்க.”

“திருநெல்வேலியில நல்லதாவே விக்குது. நாளைக்கே வாங்கி அனுப்பிருதேன்.”

“வாங்கச் சொல்லல. நட்டு வளர்த்துச் செய்யுங்க.”

மடத்துக் கிணற்றடியில் கன்றுகளை நட்டார். அங்கேயே தங்கினார். தண்டு நேராகப் போக வேண்டும் என்று பக்கத்தில் வரும் துளிரையெல்லாம் தினமும் கிள்ளி எறிந்தார். இரண்டு வருடத்தில் மூன்றும் நெஞ்சுயரம் தாண்டின.

முதல் செடியை வேரோடு தோண்டினார். வேர்முண்டுதான் கைப்பிடி. பட்டையை உரித்து, தீயில் வாட்டி வளைவு எடுத்து, எண்ணெய் தடவினார். அன்று மாலையே அதைக் கிணற்றுக் கல்லில் ஓங்கி மூன்று முறை அடித்துக் காட்டினார்.

“பாருங்கம்மா. ஒரு கீறல் உண்டா?”

“இது லத்திக்கு வைக்கிற பரீட்சை, ஏட்டையா. ஊன்றி நில்லுங்க.”

முழு உடம்பையும் சாய்த்து நின்றார். பச்சைக் கம்பு வில்லாக வளைந்தது.

இரண்டாவதை வெயிலில் காயவைத்தார். நீளவாக்கில் வெடித்துப்போனது. மூன்றாவதை உத்தரத்தில் தொங்கவிட்டு, கீழ்நுனியில் அம்மிக்குழவியைக் கட்டி, ஐந்து மாதம் நிழலில் விட்டார். இந்த முறை அவர் கனத்துக்கு அது அசையவில்லை. ரம்பத்தோடு வந்து நின்றார்.

“எந்த இடத்துல அறுக்கட்டும்?”

“செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்னா, தொங்கவிட்ட கையில மணிக்கட்டு எங்க வருதோ அதுதான் அளவு. அவர் எவ்வளவு உயரம்?”

சங்கிலிமுத்து யோசித்தார். ரம்பத்தைக் கீழே வைத்தார்.

“தெரியாது.”

“பார்த்த ஆள்தானே?”

“நான் பார்த்தப்போ தரையில கிடந்தார்.”

உலகம்மை முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“ஒரு ஆளை அனுப்பி அளவு எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?”

“லத்தியையும் ஆளை அனுப்பித்தான் பிடிச்சீங்களோ?”

மறுநாள் காலை, அறுக்காத கம்பும் ரம்பமுமாக பஸ் ஏறினார். உப்பளக் குடியிருப்பில் கடைசி வீடு. சவரிமுத்து தரையில் அமர்ந்து பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்தார். வாசலில் நிழல் விழுந்ததும் தலைநிமிர்ந்தவர் கம்பைத்தான் முதலில் பார்த்தார். பெட்டி கையிலிருந்து நழுவியது. அப்படியே பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அவர் மனைவி பிரகாசி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

“கம்பை வெளிய வையும்! யாருவே நீரு? பதினாறு வருசமா இந்த வீட்டுக்குள்ள கம்புன்னு ஒண்ணு வந்ததில்ல. ஆடு விரட்டக்கூட விடமாட்டாரு. சுவரையும் என் தோளையும் பிடிச்சே நடக்காரு.”

சங்கிலிமுத்து கம்பை முற்றத்தில் போட்டுவிட்டு வந்தார். தன் பெயரைச் சொன்னார். வந்த காரியத்தையும் சொன்னார்.

“முகம் தெரியல ஏட்டையா” என்றார் சவரிமுத்து. “பூட்ஸ் போட்டுட்டு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“ஒரு நிமிசம் நிக்கணும். அளவு எடுக்கணும்.”

“இப்பவும் உத்தரவுதானா?”

பிரகாசிதான் சொன்னாள். “அவரைத் தூக்கி நிறுத்தும். எனக்கும் தோளு போயிட்டு. எத்தனை நாளைக்கு நான் தாங்க?”

சவரிமுத்து மறுக்கவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்.

சங்கிலிமுத்து பின்னால் போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். ஆள் எழுந்துகொண்டே போனார். தன்னைவிட உயரம் என்பது அப்போதுதான் தெரிந்தது. முழுக் கனமும் நெஞ்சில் சாய்ந்தது. மடங்கிப்போன கால் சங்கிலிமுத்துவின் கால்மேல் உரசிக்கொண்டு தொங்கியது. பிரகாசி ஓர் ஓலையைக் கிழித்து மணிக்கட்டிலிருந்து தரைவரை பிடித்து, நுனியை நறுக்கினாள்.

“ஆச்சு. உக்கார வையும். மெதுவா.”

முற்றத்தில் ஓலையை வைத்து அளந்து கம்பை அறுத்தார். சவரிமுத்து வெளியே பார்க்கவில்லை. பெட்டியை எடுத்து விட்ட இடத்திலிருந்து முடைய ஆரம்பித்திருந்தார்.

“அந்த வேலி ஓரமா சாத்திட்டுப் போம்” என்றாள் பிரகாசி.

சாயங்காலம் மடத்துக்குத் திரும்பியவர் முகம்கூடக் கழுவாமல் உலகம்மை எதிரே வந்து உட்கார்ந்தார்.

“அளவு சரியா இருந்துச்சா?”

“இருந்துச்சு. ஆனா அவரு தொடவே இல்லம்மா. மூணு வருசம் தண்ணி ஊத்தி வளர்த்தது. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லல. போன்னுகூட அவரு வாயால சொல்லல. அப்போ எனக்கு எப்பத்தான் தீரும்?”

“நீங்க ஊன்றிக்கவா ஏட்டையா அந்தக் கம்பு?”

சங்கிலிமுத்து எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார்.

2003 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, சவரிமுத்து அந்தக் கம்பை ஊன்றித் தெருக்குழாய் வரை நடந்து போய்த் திரும்பினார். மடத்துக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.