தூக்கணாங்குருவி வாங்கிய கம்ப்யூட்டர்

மருதங்காட்டில் ஒரு தூக்கணாங்குருவியும் ஒரு முள்ளம்பன்றியும் சேர்ந்து தண்ணீர் ஆபீஸ் நடத்தி வந்தார்கள். குருவியின் பெயர் நாரப்பன். முள்ளம்பன்றியின் பெயர் ஊசிக்காளை.

வேலை இதுதான். காட்டில் பதினான்கு குட்டைகள். கோடையில் எது எப்போது வற்றும் என்று யாருக்கும் தெரியாது. விடிந்ததும் கரிச்சான் குருவிகள் ஆளுக்கு ஒரு குட்டையைப் பார்த்துவிட்டு வந்து சொல்லும். நாரப்பன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவான். அப்புறம் கரிச்சான்கள் பூச்சி பிடிக்கப் பறந்துவிடும். மறுநாள்தான் கண்ணில் படும். ஊசிக்காளை ராத்திரி முழுக்கக் கிழங்கு தோண்டுகிறவன். அதனால் காலையில் தூங்கிவிட்டு மதியம்தான் வேலைக்கு வருவான். மானும் பன்றியும் கரடியும் பகலெல்லாம் வந்து, பொத்தானைத் தட்டி, எந்தப் பக்கம் போனால் தண்ணீர் என்று பார்த்துக்கொண்டு போகும்.

ஒன்பது வருஷம் உழைத்த பழைய கம்ப்யூட்டர் அந்த மாசி மாதம் நின்றுபோனது. புதுசு வாங்க இரண்டு பேரும் காட்டோரத்தில் கடை வைத்திருந்த காகத்திடம் போனார்கள். காகத்தின் பெயர் கரியமாணிக்கம். மரியாதையான வியாபாரி.

"வாங்க மாப்ள! வீட்டுக்கா, ஆபீசுக்கா?" என்றார் கரியமாணிக்கம்.

"இதென்ன கேள்வி மாமா! கம்ப்யூட்டர்னா கம்ப்யூட்டர்தானே!" என்றான் நாரப்பன்.

"அப்படி இல்ல. வீட்டு மாடல் ஒருத்தர் ரெண்டு பேர் பொறுமையா தொடுறதுக்கு. ஆபீஸ் மாடல் பத்து பேர் தட்டுறதுக்கு, பகல் பூரா ஓடுறதுக்கு. கெட்டுப்போனா மறுநாளே ஆள் தேடி வந்து, இருக்கிற இடத்துலயே சரி பண்ணிட்டுப் போவான். விலை மட்டும் கொஞ்சம் கூட."

இரண்டையும் எடுத்துக் கிளையில் வைத்தார். வீட்டு மாடல் பொன் நிறம். ஆலிலை போல மெல்லிசு. மூடியைத் திறந்தால் பொத்தான்களுக்கு அடியில் பச்சையும் நீலமுமாக வெளிச்சம் ஓடியது. ஆபீஸ் மாடல் கறுப்பு. தடிமன். பார்க்க ஒன்றுமே இல்லை.

"அட! மின்மினி!" என்று கத்தினான் நாரப்பன்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. தூக்கணாங்குருவிகள் ஈரமண்ணில் மின்மினியை ஒட்டிக் கூட்டுக்கு விளக்கு வைக்கிற கூட்டம். வெளிச்சம் என்றால் மனசு அங்கேயே போய்விடும்.

பிறகு அவன் தன் வழக்கப்படி ஒரு சோதனை செய்தான். ஒரு மூலையை அலகால் கவ்வித் தூக்கிப் பார்த்தான். பொன் நிறக் கம்ப்யூட்டர் அசைந்தது. கறுப்பு அசையவே இல்லை.

"தூக்கவே முடியல! இது என்ன பொருள், பாறாங்கல்லா?"

"அத நீ தூக்க வேண்டியதே இல்லையேடா. மேசையிலதானே இருக்கப்போகுது" என்றான் ஊசிக்காளை. "பழசு ஒன்பது வருஷம் வந்துச்சு. இது அந்த மாதிரி தெரியுது."

"ஒன்பது வருஷமா! வெளியில சொல்லாத, அசிங்கம்! நாங்க ஒரு கூட்டை ஒரு பருவத்துக்குத்தான் பின்னுவோம். அடுத்த பருவம் புதுசு. லேசா இருக்கணும், அழகா இருக்கணும், காத்துல ஆடணும். உன்ன மாதிரி முப்பாட்டன் தோண்டின வளையிலயே கிடக்கிற ஆளுக்கு இது புரியாது!"

ஊசிக்காளைக்கு முகம் சுருங்கிப்போனது. அவன் இருக்கிற வளை உண்மையிலேயே அவனுடைய முப்பாட்டன் தோண்டியதுதான். "உன் இஷ்டம்" என்று முணுமுணுத்துவிட்டு முள்ளை மடக்கிக்கொண்டான்.

பொன் நிறக் கம்ப்யூட்டர் ஆபீசுக்கு வந்தது.

உண்மையைச் சொன்னால், முதல் மாதம் அது நன்றாகத்தான் ஓடியது. குரங்குகள் வெளிச்சத்தைப் பார்க்கவே வரிசையில் நின்றன. "எங்க நாரப்பன் செலக்‌ஷன்!" என்று கரடிகூடச் சொன்னது.

பங்குனியில் வெயில் ஏறியது. கூட்டமும் ஏறியது. கரடி தட்டிய தட்டில் இரண்டு பொத்தான் உள்ளே போய்விட்டது. காட்டுப்பன்றி மூக்கால் மூடியைத் திறந்து திறந்து, கீல் ஆடத் தொடங்கியது. நாரப்பன் நார் கொண்டுவந்து கீலைச் சுற்றி அழகாகப் பின்னிக் கட்டினான். மூன்று முறை கட்டினான். காற்றுப் போகிற ஓட்டையில் புழுதி அடைத்து, கம்ப்யூட்டர் அடுப்புக்கல் மாதிரி சுட்டது.

சித்திரையில் ஒரு நாள், உச்சிப்பொழுது. திரை இரண்டு மூன்று தடவை விட்டு விட்டு எரிந்தது. அவ்வளவுதான், கறுத்துப்போனது.

"முள்ளா! வா, சீக்கிரம் வா!"

ஊசிக்காளை தூக்கக் கலக்கத்தோடு ஓடி வந்து, ஒரு முள்ளை எடுத்துக் கம்ப்யூட்டரைப் புரட்டிப் பார்த்தான். "ஸ்க்ரூவே காணோம்டா. சுத்தி ஒட்டி வச்சிருக்கான். நெம்பினா உடைஞ்சிடும்."

நாரப்பன் காகத்திடம் பறந்தான்.

"வீட்டு மாடலுக்கு ஆள் வரமாட்டான் மாப்ள" என்றார் கரியமாணிக்கம். "பட்டணத்துக்கு அனுப்பணும். மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரமா! அதுக்குள்ள பாதிக் காடு தவிச்சுச் செத்துடும்!"

"வேற ஒண்ணு இப்பவே தரேன். ஆனா காலையில நீ ஏத்துன விவரம் அதுக்குள்ளதானே கிடக்குது? அத வெளிய எடுக்க எங்கிட்ட வழி இல்லையே." காகம் கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்: "அது மோசமான பொருள் இல்ல மாப்ள. அது தாங்குற இடத்துல நீ வைக்கல."

திரும்பி வந்தபோது ஆபீஸ் வாசலில் யானை மாராயி நின்றாள். அவளுடைய காலுக்கு நடுவில் ஒரு குட்டி. பிறந்து பன்னிரண்டு நாள். காது இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. அது நிற்கவில்லை, தாயின் காலில் சாய்ந்துகொண்டிருந்தது.

"ஆபீசரு வந்துட்டீங்களா" என்றாள் மாராயி. "கூட்டம் முன்னாடி போயிடுச்சு. இவனால நடக்க முடியல, நான் தங்கிட்டேன். ரெண்டு நாளா எனக்கு ஒரு வாய் தண்ணி இல்ல. பால் வத்திப்போச்சு. இவன் இன்னும் ஒரு நடைதான் நடப்பான். எந்தப் பக்கம் போகட்டும், சொல்லுங்க."

வடக்கே ஈச்சங்குட்டை. தெற்கே கல்லாங்குட்டை. யானைக் குட்டி நடந்துபோகிற தூரத்தில் இருப்பது இந்த இரண்டும்தான். ஒன்றுக்குப் போய்விட்டு அங்கே தண்ணீர் இல்லையென்றால், இன்னொன்றுக்குப் போக அந்தக் குட்டியால் முடியாது.

நாரப்பன் யோசித்துப் பார்த்தான். பதினான்கு குட்டை, பதினான்கு அளவு. காலையில் கேட்டதெல்லாம் ஏற்றியதோடு தலையை விட்டுப் போயிருந்தது. கம்ப்யூட்டர் இருக்கிறது என்கிற தைரியம்.

"வடக்கு..." என்று இழுத்தான். "வடக்குன்னுதான் நினைக்கிறேன். ஈச்சங்குட்டையில முழங்கால் அளவுன்னு சொன்ன ஞாபகம்."

மாராயி உடனே வடக்கே திரும்பினாள். அவள் இந்த ஆபீஸை அவ்வளவு நம்பினாள்.

"அக்கா, நில்லுங்க!" என்றான் ஊசிக்காளை. பிறகு நாரப்பனைப் பார்த்தான். "டேய். ஞாபகமா? தெரியுமா?"

நாரப்பன் குட்டியைப் பார்த்தான். குட்டி அவனைப் பார்த்து, தும்பிக்கையை எப்படித் தூக்குவது என்று தெரியாமல் தூக்கியது. அது பாதியில் தொங்கியது.

"தெரியாது" என்றான் நாரப்பன். "அக்கா, எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் போச்சு. வேலைக்கு ஆகாத கம்ப்யூட்டர வாங்கினது நான்தான். இவன் வேற சொன்னான், நான் கேக்கல."

மாராயி கோபப்படவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது. "சரி. அழாதீங்க" என்றாள். "இப்ப என்ன பண்ணலாம்?"

"நான் பாத்துட்டு வரேன்!"

"இந்த வெயில்லயா? கிளி, கழுகுகூட நிழல்ல கிடக்குது! உன் உடம்பு எவ்வளவு, ஒரு பிடி!" என்றான் ஊசிக்காளை.

"நீ குட்டியப் பாத்துக்க!" என்று கத்திவிட்டு நாரப்பன் பறந்தான்.

முதலில் வடக்கு. தூரத்தில் ஈச்சங்குட்டை பளபளத்தது. மனசு துள்ளியது. கிட்டப் போனால் பளபளத்தது தண்ணீர் இல்லை, காய்ந்த சேறு. பிளந்து கிடந்தது. நடுவில் ஒரு நத்தை ஓடுதான் இருந்தது. 'வடக்கு' என்று அவன்தானே சொன்னான்.

தெற்கே திரும்பினான். சிறகு கல்லாய்க் கனத்தது.

இங்கே ஆபீஸ் வாசலில் குட்டி காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது. "படுத்துட்டா எழுந்திருக்க மாட்டான்" என்றாள் மாராயி.

ஊசிக்காளை தன் வளைக்குள் ஓடினான். அதன் அடி ஆழத்தில் மண் எப்போதும் சில்லென்று இருக்கும். அங்கிருந்து மண்ணைத் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்து குட்டியைச் சுற்றிப் போட்டான். பத்து நடை, இருபது நடை. மாராயி அந்த மண்ணைக் குட்டியின் முதுகில் தூவினாள். குட்டி பெருமூச்சு விட்டது. அப்புறம் தும்பிக்கையை நீட்டி ஊசிக்காளையைத் தொடப் போனது.

"வேணாம்டா ராஜா, குத்திடும்!" என்று அவன் பின்னால் நகர்ந்தான். குட்டி விடவில்லை. அவன் இருக்கிற முள்ளையெல்லாம் உடம்போடு ஒட்ட அமுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். குட்டி அவன் மூக்கைத் தொட்டது. ஊசிக்காளையை அதுவரை யாரும் தொட்டதில்லை. அவனுக்குக் கண் கரித்தது. மண் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டான்.

வெயில் சாய்கிற நேரத்தில் ஒரு சின்ன உருவம் தடுமாறித் தடுமாறி வந்து, யானையின் தலையில் பொத்தென்று விழுந்தது. நாரப்பன்தான். நெஞ்சு இறகெல்லாம் நனைந்திருந்தது.

"தெற்கு!" என்றான். "கல்லாங்குட்டை. பாதிக் குட்டைக்குத் தண்ணி. நான் முங்கியே பாத்துட்டேன்!"

மாராயி தும்பிக்கை நுனியால் அந்த ஈர இறகை மெல்லத் தொட்டாள். தொட்ட ஈரத்தைக் குட்டியின் நாக்கில் தடவினாள். அது நாக்கை அசைத்தது. பிறகு முன்காலை ஊன்றியது. எழுந்தது.

அந்த ஒரு நடையை அவர்கள் சேர்ந்தே நடந்தார்கள். முன்னால் மாராயி. அவள் தலையில் இறகு கலைந்து படுத்திருந்த நாரப்பன். பின்னால் குட்டி. அதற்கும் பின்னால் ஊசிக்காளை. குட்டி நின்றபோதெல்லாம், "இன்னும் கொஞ்சம்டா, அந்த வளைவுதான், பொய் சொல்லல" என்று சொல்லிக்கொண்டே வந்தான். நாலு வளைவுக்கு அப்படிச் சொன்னான். மூன்று பொய்.

இருட்டுவதற்குள் கல்லாங்குட்டை வந்தது. மாராயி குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள். குடித்து முடித்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள். குட்டி அவளுடைய முன்காலுக்குப் பின்னால் தலையை நுழைத்து முட்டியது. ஒன்றும் இல்லை. மறுபடி முட்டியது. அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. சப், சப், சப்.

"வந்துடுச்சு" என்றாள் மாராயி.

கொஞ்சம் கழித்து நாரப்பன் கேட்டான்: "அன்னிக்கு நீ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமேடா?"

"சொல்லியிருக்கணும்" என்றான் ஊசிக்காளை. "நீ என் வளையப் பத்திப் பேசினதும் ரோஷம் வந்துடுச்சு. வாய மூடிக்கிட்டேன். அதுவும் தப்புதான்."

"உன் வளை நல்ல வளைடா."

"தெரியும்."

மறுநாள் காலை நாரப்பன் காகத்தின் கடையில் நின்றான். கரியமாணிக்கம் வாயைத் திறப்பதற்குள், "ஆபீசுக்கு மாமா! ஆபீசுக்கு!" என்றான். கறுப்புக் கம்ப்யூட்டரின் மூலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அதற்குப் பதிலாகக் கேள்வி கேட்டான். கரடி தட்டினால் தாங்குமா? புழுதியைத் துடைக்க அடிமூடி கழலுமா? கெட்டால் ஆள் எத்தனை நாளில் வருவான்? காகம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் கொஞ்சம் களைத்தும் போனார்.

அந்தக் கோடையில் அதற்கப்புறம் தண்ணீர் ஆபீஸ் ஒரு நாளும் மூடவில்லை. ஒரு தடவை விசைப்பலகையில் எருமை எச்சில் ஒழுக்கியது. மறுநாளே ஒரு மரங்கொத்தி பையோடு வந்து மாற்றிவிட்டுப் போனது. பொன் நிறக் கம்ப்யூட்டர் மூன்று வாரம் கழித்துச் சரியாகித் திரும்பி வந்தது. அதை நாரப்பன் தன் வீட்டு மரத்தில் வைத்தான். அவனுடைய குஞ்சுகள் மாலையில் அரை மணி நேரம் அதில் படம் பார்க்கும். அங்கே அது ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

நமக்கு என்று வாங்குவதை நம் ஆசைக்கு வாங்கலாம். நம்மை நம்பிப் பலர் வந்து நிற்கிற வேலைக்கு வாங்குவதை, அந்த வேலையைத் தாங்குமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.